ஊர் வரிப்பணத்தில் வேஷம் கட்டுகிறோம்

ஸ்பெஷல் நாடகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் நம் வீட்டுப் பிள்ளைகள். தாயும் தகப்பனும் வேஷம் கட்டிய ராத்திரிகளில் படுதாவுக்குப் பின்னால் படுத்துத் தூங்கியவர்கள். சிலர் காலேஜ் முடித்துவிட்டுப் பாட்டின் மேல் உள்ள ஆசையில் வந்தவர்கள். இரண்டு பேருக்கும் பாடம் ஒன்றுதான். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி என்று நம் சங்கங்கள் உள்ள ஊர்களில் பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்லிவந்ததையும், ராஜபார்ட்டாக நின்று நானே தெரிந்துகொண்டதையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

1. நம் சம்பளம் யார் வீட்டுக் காசு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் நாடகத்துக்கு டிக்கெட் கிடையாது. மாரியம்மனுக்கோ அய்யனாருக்கோ காப்புக் கட்டுவதற்கு முன்னால் ஊர் கூடும். முளைப்பாரி, கரகம், கிடாவெட்டு என்று எல்லாம் பேசி முடித்தபின் ‘நாடகம் எத்தனை ராத்திரி?’ என்று யாராவது கேட்பார்கள். அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் தலைக்கட்டு வரி எவ்வளவு என்பது முடிவாகும். நூறு நாள் வேலைக்குப் போகிற வீடும் அந்த வரியைக் கட்டுகிறது. சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிற மகன் அனுப்பிய பணத்திலிருந்தும் அது போகிறது. சில ஊர்களில் கணவனை இழந்த பெண்ணின் வீட்டுக்குப் பாதி வரி. பாதியானாலும் அந்த அம்மா அதைக் கொண்டுவந்து கொடுத்து, நோட்டில் பேர் எழுதியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் போவார். அந்தக் காசுதான் நம் கைக்கு வருகிறது.

மேடையில் நின்றால் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பத்துப் பேர் மட்டுமே கண்ணுக்குத் தெரிவார்கள். டியூப் லைட் வெளிச்சத்துக்கு அப்பால் சாக்கு விரித்து, தூங்குகிற பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கிழவி தெரியமாட்டார். அவரைப் பார்த்துப் பாடுங்கள். உங்களை அழைத்து வந்தவர் அவர்.

2. நோட்டீஸில் பேர் வந்துவிட்டால் தேதி உங்களுடையது இல்லை.

கமிட்டிக்காரர்கள் வந்து தேதி பேசி, முன்பணம் கொடுத்துவிட்டுப் போய் நோட்டீஸ் அடிப்பார்கள். மேலே சாமி படம், அடுத்து நம் படங்கள், ஒவ்வொரு பேருக்கும் முன்னால் நம் ஊர், பட்டம், ஏற்கும் வேஷம், கடைசியில் ‘இங்ஙனம் ஊர்ப் பொதுமக்கள்’. டீக்கடைச் சுவரில் அது ஒட்டப்பட்ட அன்றே பக்கத்து ஊர்களில் வாழ்க்கைப்பட்ட பெண்களுக்குச் செய்தி போய்விடும். இந்த ஸ்திரீபார்ட் வருகிறார் என்பதற்காகவே பிறந்த ஊருக்குப் பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு.

ஆகவே இன்னொரு ஊர் கூடுதல் சம்பளம் தருகிறது என்று தேதியை மாற்றாதீர்கள். உடம்பு சரியில்லை என்றால் முதல் தகவல் சங்கத்துக்குப் போகட்டும். உங்கள் தரத்துக்குக் குறையாத ஒருவரை நீங்களே பேசி அனுப்புங்கள். கம்பெனி நாடகத்தில் முதலாளி இருந்தார், மேனேஜர் இருந்தார். குறை வந்தால் அவர்கள் பதில் சொன்னார்கள். நமக்கு முதலாளி இல்லை. நம் சொல்லை நம்பித்தான் ஊர் பந்தல் போடுகிறது.

3. உங்கள் பாகத்தை மட்டும் படிக்காதீர்கள். நாடகம் முழுவதையும் படியுங்கள்.

‘ஸ்பெஷல்’ என்று நம் நாடகத்துக்குப் பேர் வந்ததே ஒவ்வொரு கலைஞரையும் ஒரு ராத்திரிக்குத் தனியாக அமர்த்துவதால்தான். ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து, நாரதர் திண்டுக்கல்லிலிருந்து. ஒத்திகை கிடையாது. மேக்கப் போடும்போதுதான் முதல்தடவையாக முகம் பார்த்துக்கொள்வோம். ராத்திரி 10 மணிக்கு ஆர்மோனியம் தொடங்கினால் விடியற்காலை வள்ளிக்குத் தாலி ஏறும்வரை நாடகம் தடங்கலில்லாமல் நடக்க வேண்டும். வெளியிலிருந்து வந்து பார்க்கிறவர்கள் இதை அதிசயம் என்கிறார்கள். இது சங்கரதாஸ் சுவாமிகள் நமக்குச் செய்து வைத்துவிட்டுப் போன ஏற்பாடு.

சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். எமன், சனீஸ்வரன், இரணியன் என்று பயங்கரமான வேஷங்களைக் கட்டிப் பேர் வாங்கியவர், பிறகு வேஷத்தை விட்டுவிட்டு எழுத்துக்கும் ஆசிரியர் வேலைக்கும் வந்தார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார், டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக வந்து சேர்ந்தது அங்கேதான். ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே ராத்திரியில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார் என்று அந்தச் சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’யில் பதிவு செய்திருக்கிறார். பக்கவாதத்தால் பேச்சுப் போன பிறகும் அவர் குழுவை விட்டு விலகவில்லை. 1922-இல் புதுச்சேரியில் காலமானார்.

வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று அவர் கொடுத்த பாட்டும் தர்க்கமும் தெற்கத்திக் கலைஞர்கள் எல்லோருக்கும் பொதுவான பாடமாக இருப்பதால்தான், முன்பின் தெரியாத இரண்டு பேர் சந்தித்த அரை மணி நேரத்தில் முருகனும் வள்ளியுமாக நிற்க முடிகிறது. உங்கள் பாகத்தை மட்டும் நெட்டுருப் போட்டால் எதிராளி ஓர் அடியைத் தாண்டியதும் நின்றுவிடுவீர்கள். வள்ளியாக வேஷம் கட்டுகிற பெண்ணுக்கு நாரதர் பாட்டும் தெரிந்திருக்க வேண்டும். வேலன், வேடன், விருத்தன் மூன்று பேருக்கும் தோழி என்ன பதில் சொல்வாள் என்பதுகூடத் தெரிந்திருக்க வேண்டும். செல்போனில் பதிவு செய்து கேட்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கையால் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதினால்தான் எங்கே மூச்சு வாங்குவது என்று தெரியும்.

4. உங்கள் கட்டையில் பாடுங்கள்.

ஐந்து கட்டையில் பாடிய கிட்டப்பாவையும், மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை கணீரென்று கேட்ட கே.பி. சுந்தராம்பாளையும் சொல்லிச் சொல்லியே நம் பிள்ளைகள் தொண்டையைக் கிழித்துக்கொள்கிறார்கள். இப்போது மைக் இருக்கிறது. சீசனில் அடுத்தடுத்த ராத்திரிகள் பாட வேண்டியிருக்கும். பங்குனியில் தொண்டையைத் தொலைத்தவர் வைகாசியில் என்ன செய்வார்? ஆர்மோனியக்காரரிடம் முதலிலேயே உங்கள் சுருதியைச் சொல்லிவிடுங்கள். ஜோடிப் பாட்டில் எதிராளியின் கட்டை வேறாக இருந்தால் அதையும் மேக்கப் அறையிலேயே பேசி முடியுங்கள். மேடையில் ஒருவரையொருவர் மடக்குவதற்காகச் சுருதியை ஏற்றுவது அநாகரிகம்.

5. பப்பூன் வேஷத்தை இளக்காரமாக நினைக்காதீர்கள்; இழிவாகவும் ஆக்காதீர்கள்.

கூட்டத்தை உட்கார வைப்பவர் பப்பூன். சாப்பிட்டுவிட்டு ஒவ்வொருவராக வந்து சேரும் நேரம் அது. கதை இன்னும் தொடங்கியிருக்காது. கையில் எழுதிவைத்த வசனம் எதுவும் இல்லாமல், அந்த ஊர் நிலவரத்தையும் நாட்டு நடப்பையும் பேசி, பாடி, ஆடி, பிறகு டான்ஸ்காரப் பெண்ணோடு ஜோடி சேர்ந்து, நள்ளிரவு வரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். நம் தொழிலில் இதைவிடக் கஷ்டமான வேலை இல்லை என்பது என் தீர்மானமான கருத்து.

அப்படிப்பட்ட வேஷத்தை இரட்டை அர்த்தப் பேச்சால் நிரப்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். முன்னால் நிற்கும் இளவட்டங்கள் விசில் அடிப்பதை ஊரின் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். விசில் அடித்தவன் பன்னிரண்டு மணிக்குப் போய்விடுவான். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்த தாய்மார்கள் எழுந்து போனால் அடுத்த வருஷ ஊர்க்கூட்டத்தில் ‘நாடகம் வேண்டாம், வேறு எதையாவது வையுங்கள்’ என்று பேச்சு எழும். பல ஊர்களில் எழுந்துவிட்டது. ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு நம் இடத்தை நாமே பிடித்துக் கொடுத்திருக்கிறோம்.

வரப்புத் தகராறு, மாமியார் மருமகள் சண்டை, ரேஷன் கடை வரிசை, வட்டிக்கடன் என்று சிரிக்க வைக்க எவ்வளவோ இருக்கிறது. ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பப்பூனுக்குப் பாடசாலை அதுதான்.

6. தர்க்கம் சண்டை இல்லை.

நாரதரும் வள்ளியும், அல்லியும் அர்ச்சுனனும் பாட்டாலும் புராணத்தாலும் கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் அந்த நேரத்துக்காகவே வருகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். கேள்வியை அவர்களும் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்; விடை தெரிந்தால் கீழேயிருந்து சத்தமாகச் சொல்லிவிடுவார்கள். கந்தபுராணம், பாரதம், திருக்குறள் கொஞ்சமாவது படித்திருக்க வேண்டும். எதிரில் நிற்பவருக்குத் தெரியாத கேள்வியைக் கேட்டு அவரைத் தலைகுனிய வைப்பது திறமை ஆகாது. பதில் வரவில்லை என்றால் நீங்களே பாட்டில் அடியெடுத்துக் கொடுங்கள். கேட்கிறவர்களுக்கு இரண்டு பேரும் ஜெயிக்க வேண்டும்.

7. அன்பளிப்பு வாங்கும்போது நாடகத்தை நிறுத்தாதீர்கள்.

மேடையேறி வந்து நூறு ரூபாய் குத்துகிறவரை மதித்து வாங்குங்கள். பேரையும் ஊரையும் சரியாகச் சொல்லுங்கள். ஆனால் பாட்டு முடிந்த இடைவெளியில் சொல்லுங்கள். சோகப் பாட்டின் நடுவில் ஒருவரின் பேரை மூன்று தடவை அறிவித்தால், வரி கட்டியவர்களின் நாடகத்தை எடுத்து ஒருவருக்குக் கொடுத்ததாகிறது. கமிட்டியிடம் முதலிலேயே பேசி வைத்தால் அவர்களே ஒழுங்குபடுத்தித் தருவார்கள்.

8. மயான காண்டத்தை நேர்த்தியாகச் செய்யுங்கள்.

இரண்டாம் ராத்திரி அரிச்சந்திரா வைக்கிற ஊர்கள் இருக்கின்றன. நமக்கு அது நாடகம், ஊருக்கு அது நேர்த்திக்கடன். லோகிதாசனைக் கையில் ஏந்தி சந்திரமதி மயானத்துக்கு வரும்போது, பிள்ளையைப் பறிகொடுத்த எத்தனை பேர் கீழே உட்கார்ந்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. அரிச்சந்திரன் முழத்துண்டும் கால்பணமும் கேட்கும் இடத்தில் வார்த்தை ஒவ்வொன்றும் நிறுத்தி வர வேண்டும். சிரிப்புக்காக எதையும் செருகாதீர்கள். அந்த வேஷம் கட்டும் நாளில் குடிக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் எந்த நாளிலும் கூடாது என்கிறேன்.

9. பெண் கலைஞர்களுக்கும், அவர்களோடு வேலை செய்கிற ஆண்களுக்கும்.

பாப்பா, இந்தத் தொழிலின் பாரத்தில் பெரும்பகுதியை நீங்கள்தான் சுமக்கிறீர்கள். மேடையில் வள்ளி என்று கும்பிட்ட அதே உலகம் விடிந்ததும் ‘கூத்தாடி’ என்று சொல்லி வாடகைக்கு வீடு தர யோசிக்கும். அதற்காக வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை. தேதி பேசும்போதே பூட்டு உள்ள உடைமாற்றும் அறை, கழிப்பறை, திரும்பி வர வண்டி மூன்றையும் கேளுங்கள். சம்பளத்தில் குறைத்துக்கொண்டாலும் இவற்றில் குறைத்துக்கொள்ளாதீர்கள். தனியாக அர்த்தராத்திரி பஸ் ஸ்டாண்டில் நிற்காதீர்கள். பக்கத்து ஊர் நாடகக்காரர்களோடு வேன் பேசிக்கொள்ளுங்கள்.

தம்பிகளே, உங்களுக்கு ஒன்று. ஜோடியாக ஆடுகிற பெண் மேடையில் சங்கடப்படுவது தெரிந்தும் கூட்டத்துக்காக ஒரு வரி அதிகம் பேசினால் நீங்கள் கலைஞர் இல்லை. குடித்துவிட்டு மேடையேறி வம்பு செய்கிறவனை முதலில் தடுக்க வேண்டியவர் ராஜபார்ட். கிரீடம் அதற்கும் சேர்த்துத்தான்.

10. சாதி பேசாதீர்கள். ஆனால் ஊருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள்.

தியாகி விஸ்வநாததாஸின் கதையை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1886-இல் சிவகாசியில், நாவிதர் குலத்தில் பிறந்தவர். சாதியைக் காரணம் காட்டி அவரோடு ஜோடி சேர மறுத்தவர்கள் இருந்தார்கள். அவர் குரலைக் கேட்க வந்த ஜனங்களை யாராலும் மறிக்க முடியவில்லை. தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டும் கட்டத்தில் வெள்ளைக்காரனைக் கொக்காக வைத்துப் பாடினார். மேடையிலேயே கைதானார்; சிறைக்குப் போவதும் திரும்பி வந்து அதே பாட்டைப் பாடுவதுமாக வாழ்ந்தார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேஷத்தில், மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது.

வள்ளி திருமணம் என்ற சாமி கதைக்குள் நாட்டுக்கான பேச்சுக்கு இடம் உண்டு என்று அவர் காட்டிவிட்டுப் போனார். இன்றைக்குக் கண்மாய் ஆக்கிரமிப்பு இருக்கிறது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்துவது இருக்கிறது, டாஸ்மாக் இருக்கிறது. எந்தக் கட்சிக்கும் கொடி பிடிக்காமல் இவற்றைப் பேசலாம். எந்தத் தெருக்காரர் நாடகம் வைத்தாலும் அதே மரியாதையோடு போய் அதே தரத்தில் நடியுங்கள். ‘அவர்கள் பக்கம் போவதில்லை’ என்று சொல்லும் கலைஞருக்கு விஸ்வநாததாஸ் படத்துக்கு மாலை போட உரிமை இல்லை.

11. மழைக்காலத்துக்குச் சேர்த்து வையுங்கள்.

தை பிறந்தால் தேதிகள் வரத் தொடங்கும். மாசி, பங்குனி, சித்திரை நம் அறுவடை, ஆடியோடு தணியும். ஐப்பசி, கார்த்திகையில் நாடகம் அரிது. சீசனில் கிடைப்பதைப் பன்னிரண்டு மாசத்துக்கும் பங்கு போடுங்கள். அடுத்த சீசன் தேதிகளைக் காட்டி வட்டிக்கு வாங்கினால், அடுத்த சீசனில் நீங்கள் வட்டிக்காரருக்காகத்தான் பாடுவீர்கள். 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனா சரியாகப் பங்குனி, சித்திரையில் திருவிழாக்களை நிறுத்தியது. கிரீடத்தையும் நகையையும் அடகு வைத்துச் சாப்பிட்ட வீடுகளை நான் பார்த்தேன். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இலிருந்து இருக்கிறது; அதில் பதிவு செய்து அட்டையை ஒழுங்காகப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். சங்கச் சந்தாவைப் பாக்கி வைக்காதீர்கள்.

12. விடியவிடியவா, அரை ராத்திரியா என்பது ஊரின் முடிவு.

ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதிக்கும் ஒலி மாசு விதிகள் 2000-இலேயே வந்துவிட்டன. போலீஸ் அனுமதி வாங்குவது கமிட்டியின் பொறுப்பு. வாங்கியாயிற்றா என்று கேட்டுக்கொள்வது நம் பொறுப்பு. நேரம் குறைந்தால் எதைக் குறைப்பது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். தர்க்கத்தையும் வள்ளியின் தினைப்புனப் பாட்டுகளையும் வெட்டிவிட்டுச் சினிமாப் பாட்டை வைத்துக்கொண்டால் அது வள்ளி திருமணம் ஆகாது. மூன்று மணி நேரத்திலும் இதை அழகாகச் செய்யலாம், பாடம் முழுசாகத் தெரிந்தவர்களுக்கு.

யூடியூப்காரர்கள் கேமராவோடு வருகிறார்கள். வரட்டும். துபாயில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் ஊர் நாடகத்தை அதில் பார்க்கிறார்கள். கேமராவுக்கு முகம் கொடுப்பதற்காகக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டாதீர்கள்.

13. பக்கவாத்தியத்துக்கு ஆள் வேண்டும்.

எல்லாருக்கும் ராஜபார்ட் ஆக வேண்டும், ஸ்திரீபார்ட் ஆக வேண்டும். நோட்டீஸில் பெரிய படம் அவர்களுக்குத்தான், ஆசை இயல்பு. ஆனால் ஆர்மோனியமும் பின்பாட்டும் இல்லாமல் நாம் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது. மறந்துபோன அடியை முணுமுணுத்து எடுத்துக் கொடுப்பவர், மூச்சு வாங்கும்போது பாட்டைத் தாங்கிப் பிடிப்பவர், ஒத்திகை இல்லாத நாடகத்தை உட்கார்ந்த இடத்திலிருந்து ஓட்டுபவர் ஆர்மோனியக்காரர். மிருதங்கமும், பல தாளக்கருவிகளை ஒருவரே வாசிக்கும் ஆல்ரவுண்டும் கூடவே நிற்க வேண்டும். இன்றைக்கு நல்ல பின்பாட்டுக்காரர்கள் பெரும்பாலும் என் வயசுக்காரர்கள். ஒரே ராத்திரி நாலு ஊர் அவர்களில் ஒருவரைக் கேட்கிறது.

உங்களில் தாளம் சுத்தமாக இருப்பவர்கள், ராகத்தைக் காதால் பிடிக்கத் தெரிந்தவர்கள், ஆணோ பெண்ணோ, இந்த மழைக்காலத்திலேயே ஆர்மோனியம் கற்றுக்கொள்ள வாருங்கள். பெட்டி இல்லாதவர்களுக்குச் சங்கத்தில் பெட்டி இருக்கிறது. சொல்லிக்கொடுக்க நாங்கள் இருக்கிறோம். தைக்குள் நாலு நாடகத்தின் பாட்டுகள் கைக்கு வந்துவிட்டால் மாசியில் உங்களுக்குத் தேதி நிச்சயம்.